கிரெடிட் கார்டு வாங்க முதலில் அந்த வங்கியில் கணக்கு தொடங்க வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வங்கியில் சேமிப்புக் கணக்கு தொடங்கினால் அந்த வங்கியின் கிரெடிட் கார்டு கிடைத்துவிடுமா?

கணக்கு தொடங்கியதற்காக யாரும் கார்டு தருவதில்லை. அந்தக் கணக்கில் பணம் எப்படி வந்து போகிறது என்பதைப் பார்த்துத் தருகிறார்கள். திங்கட்கிழமை 10,000 ரூபாய் போட்டுக் கணக்கு திறந்துவிட்டு புதன்கிழமை கார்டுக்கு விண்ணப்பித்தால், வங்கியின் கண்ணில் நீங்களும் வெளியாளும் ஒன்றுதான். உங்கள் கேஒய்சி (அடையாள, முகவரிச் சரிபார்ப்பு) அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதால் காகித வேலை கொஞ்சம் குறையும், அவ்வளவே.

சம்பளமோ தொழில் வருமானமோ சில மாதங்களாகவே அந்தக் கணக்கில் விழுந்துகொண்டிருந்தால் கதை வேறு. அப்போது உங்கள் வருமானத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, வங்கியே பார்த்துக்கொண்டிருக்கிறது. விண்ணப்பம் போடும் முன்பே ஆப்பில் 'உங்களுக்காக முன்னொப்புதல் பெற்ற கார்டு' என்று தலைகாட்டுவது இப்படித்தான்.

கணக்கு தொடங்கினால் சிபில் ஸ்கோர் ஏறுமா?

ஏறாது, இறங்கவும் இறங்காது. சிபில் ஸ்கோர் என்பது கடனை எப்படித் திருப்பிக் கட்டுகிறீர்கள் என்பதற்கான மதிப்பெண். இந்தியாவில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். இவற்றுக்குப் போவது கடன் பற்றிய தகவல் மட்டும். உங்கள் சேமிப்புக் கணக்கு, அதிலுள்ள இருப்பு, எஃப்.டி. (நிலையான வைப்பு), டெபிட் கார்டுச் செலவு, யுபிஐ பரிமாற்றம் எதுவும் அவை தயாரிக்கும் கடன் அறிக்கையில் வராது. கணக்கில் 8 லட்சம் வைத்திருப்பவருக்கு ஸ்கோரே இல்லாமல் இருக்கலாம். மாதக் கடைசியில் 200 ரூபாய் மிஞ்சுபவருக்கு 790 இருக்கலாம்.

கணக்கோடு ஓவர்டிராஃப்ட் வசதி (இருப்புக்கு மேல் பணம் எடுக்கும் வசதி) வாங்கியிருந்தால் அது கடன், அதனால் பதிவாகும். சம்பளக் கணக்கில் ஓவர்டிராஃப்ட் எடுத்துவிட்டு வேலை மாறி, அந்தக் கணக்கை மறந்துபோகிறவர்கள் உண்டு. அந்தச் சின்ன பாக்கி வட்டியோடு வளர்ந்து, தாமதக் கணக்காக அறிக்கையில் உட்கார்ந்திருக்கும்.

ஸ்கோருக்குச் சம்பந்தமில்லை என்றால் வங்கி என் கணக்கில் எதைத்தான் பார்க்கிறது?

ஒவ்வொரு வங்கியும் தன் வாடிக்கையாளருக்கென்று உள்ளுக்குள் ஒரு மதிப்பீடு வைத்திருக்கும். சூத்திரத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். ஆனால் எதையெல்லாம் கணக்கில் எடுக்கிறார்கள் என்பது கடன் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்.

முதலாவது வரவு. சம்பளமாக வரும் பணம் நிறுவனத்தின் பெயரோடு, சம்பளம் என்ற குறிப்போடு வரும். அதே 45,000 ரூபாயை உங்கள் இன்னொரு கணக்கிலிருந்து மாதாமாதம் ஐஎம்பிஎஸ் மூலம் மாற்றிப் போட்டால் அது வருமானமாக எண்ணப்படாது. 'பணத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினால் போதும்' என்ற யோசனை இங்கேதான் படுத்துவிடுகிறது.

இரண்டாவது சராசரி இருப்பு. பலர் கோட்டைவிடும் இடம் இது. மாதம் முழுக்க ஒவ்வொரு நாள் முடிவிலும் இருந்த தொகையைக் கூட்டி நாட்களால் வகுப்பார்கள். 1ஆம் தேதி 45,000 சம்பளம் வந்து, அன்றே 40,000ஐ வேறு வங்கிக்கு மாற்றிவிட்டால் உங்கள் சராசரி 5,000ஐத் தாண்டாது. முதல் 10 நாள் 45,000ஐ அங்கேயே விட்டுவிட்டு மீதி 20 நாள் 5,000 வைத்திருந்தால் சராசரி சுமார் 18,300. செலவு இரண்டிலும் ஒன்றுதான். வாடகையையும் சீட்டுப் பணத்தையும் இந்தக் கணக்கிலிருந்தே கட்டினால் இது தானாக நடந்துவிடும்.

மூன்றாவது திரும்பிய பற்றுகள். இருப்பு இல்லாமல் திரும்பிய செக், இஎம்ஐக்கோ எஸ்ஐபிக்கோ (மியூச்சுவல் ஃபண்டின் மாதாந்திர முதலீடு) பணமில்லாமல் திரும்பிய தானியங்கிப் பற்று எல்லாம் அந்த வங்கிக்கு அப்படியே தெரியும். எஸ்ஐபி தவறியது சிபிலுக்குப் போகாது. ஆனால் உங்கள் வங்கி பார்த்துக்கொண்டிருக்கும். கணக்கு இருப்பது பாதகமாகவும் முடியலாம் என்று சொல்வது இதனால்தான்.

எத்தனை மாதம் கணக்கை ஓட்டிவிட்டு விண்ணப்பிக்கலாம்?

சம்பளக் கணக்கு என்றால் மூன்று சம்பளம் விழுந்தபின் கேட்டுப் பார்க்கலாம். சாதாரண சேமிப்புக் கணக்கு என்றால் ஆறு மாதமாவது ஓட விடுங்கள். இது விதியல்ல, நடைமுறை. வங்கிகள் முன்னொப்புதல் பட்டியலை அவ்வப்போது மொத்தமாகத் தயாரிப்பதால், அந்தப் பட்டியலில் பெயர் வரும்வரை காத்திருந்தால் விண்ணப்பம் சுலபமாக முடியும். ஆப்பிலோ நெட்பேங்கிங்கிலோ கார்டுப் பகுதியை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். பார்ப்பதால் ஸ்கோருக்கு ஒன்றும் ஆகாது. அங்கே 'விண்ணப்பிக்க' என்பதை அழுத்திச் சம்மதம் கொடுத்தால்தான், வங்கி உங்கள் கடன் அறிக்கையைக் கேட்டுப் பார்த்ததாக அதில் ஒரு விசாரணை பதிவாகும்.

ஆதார் ஓடிபி மட்டும் கொடுத்து வீட்டிலிருந்தே திறந்த கணக்கா? அப்படியானால் ஒரு சிக்கல் இருக்கிறது. வீடியோ கேஒய்சியோ நேரடி கேஒய்சியோ முடிக்காத அந்தக் கணக்கில் இருப்பு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது, ஒரு நிதியாண்டின் மொத்த வரவு 2 லட்சத்தைத் தாண்டக் கூடாது, ஓராண்டுக்குள் முழு கேஒய்சி முடித்தாக வேண்டும். மாதம் 40,000 சம்பளம் என்றால் ஐந்தாவது மாதமே வரம்பு நிறைந்துவிடும். முதல் வாரமே முழு கேஒய்சியை முடித்துவிடுங்கள்.

சம்பளக் கணக்கு ஒரு வங்கியில் இருக்கிறது. கார்டு வேறு வங்கியில் வேண்டும். அங்கேயும் கணக்கு திறக்க வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை. ஸ்கோர் 750க்கு மேல் இருந்து சம்பளமும் ஒழுங்காக வந்தால், கணக்கே இல்லாத வங்கியிலும் கார்டு கிடைக்கிறது. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும், மூன்று முதல் ஆறு மாத வங்கி அறிக்கையும் கேட்பார்கள். இப்போது அதையும் பிடிஎஃபாக ஏற்றாமல், அக்கவுண்ட் அக்ரிகேட்டர் (உங்கள் சம்மதத்தோடு ஒரு வங்கியின் தகவலை இன்னொரு வங்கிக்குக் கொண்டுசேர்க்கும் சேவை) வழியாக ஓடிபி சம்மதம் கொடுத்து நேராகவே அனுப்பலாம். உங்கள் வங்கியில் இருக்கும் வரவு செலவு, நீங்கள் அனுமதித்த காலத்துக்கு மட்டும், புது வங்கிக்குத் தெரியும். 'கணக்கு இருந்தால்தான் என் வருமானம் தெரியும்' என்ற பழைய வாதத்தின் பலம் இதனால் நிறையக் குறைந்துவிட்டது.

பிடிஎஃப் ஏற்றுவதாக இருந்தால் வங்கி தளத்திலிருந்து இறக்கிய கோப்பை அப்படியே கொடுங்கள். அச்செடுத்து, ஸ்கேன் செய்து, பக்கம் குறைத்து அனுப்பிய அறிக்கைகளை மென்பொருளே சந்தேகத்தில் ஒதுக்கிவிடும்.

எந்த வங்கியில் கணக்கு திறந்தாலும் பலன் உண்டா?

இல்லை. ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கி, இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி போன்ற பேமென்ட்ஸ் வங்கிகளுக்குக் கடன் கொடுக்கவே உரிமம் கிடையாது. எத்தனை வருடம் ஓட்டினாலும் அவை தாமாக உங்களுக்குக் கிரெடிட் கார்டு தர முடியாது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கும் இந்த விஷயத்தில் உதவாது.

அடுத்து, பெயர் ஒன்றாக இருந்தும் நிறுவனம் வேறாக இருப்பது. ஸ்டேட் பாங்க் கிளையில் இருபது வருடக் கணக்கு இருக்கும். ஆனால் கார்டு தருவது எஸ்பிஐ கார்டு என்ற தனி நிறுவனம், 2020இல் பங்குச் சந்தையிலும் தனியாகப் பட்டியலானது. கிளை மேலாளர் உங்களை நன்றாக அறிந்தவராக இருக்கலாம், விண்ணப்பத்தைப் பரிந்துரைக்கலாம், முடிவு அவர் கையில் இல்லை. பாங்க் ஆஃப் பரோடாவின் கார்டுகளைத் தருவதும் பாப்கார்டு என்ற துணை நிறுவனம்தான். கரூர் வைஸ்யா வங்கி, சிட்டி யூனியன் வங்கி ஆகியவற்றின் பெயரோடு எஸ்பிஐ கார்டும் சேர்ந்து வரும் கூட்டுக் கார்டுகளிலும் கடன் முடிவு எஸ்பிஐ கார்டினுடையது. 'மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன்' என்று காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எனக்குக் கடன் வரலாறே இல்லை. எங்கே கேட்டாலும் மறுக்கிறார்கள். என்ன வழி?

கணக்கு திறப்பது உண்மையிலேயே உதவும் இடம் இதுதான். அந்தக் கணக்கின் கீழ் ஒரு எஃப்.டி. போட்டு, அதன் மேல் கிரெடிட் கார்டு வாங்குங்கள். எஃப்.டி.யே ஈடு என்பதால் சம்பளச் சீட்டும் ஸ்கோரும் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். மாணவர், இல்லத்தரசி, ஓய்வு பெற்றவர் யாருக்கும் இந்த வழி திறந்திருக்கிறது.

எஸ்பிஐயின் உன்னதி கார்டுக்கு 25,000 ரூபாய் எஃப்.டி. வேண்டும், முதல் நான்கு ஆண்டுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை. தனியார் வங்கிகளில் குறைந்தபட்சத் தொகை இதைவிடக் கூடவோ குறையவோ இருக்கும். கார்டு வரம்பு எஃப்.டி.யில் 75 முதல் 100 சதவீதம் வரை. 80 சதவீதம் தரும் வங்கியில் 30,000 போட்டால் 24,000 வரம்பு. எஃப்.டி.க்கான வட்டி உங்களுக்கு வந்துகொண்டேதான் இருக்கும், கார்டு இருக்கும்வரை அதை உடைக்க மட்டும் முடியாது.

எஃப்.டி. போடும்போது தவறிப்போகும் சில விஷயங்கள் உண்டு. வரி விலக்குக்கான 5 ஆண்டு எஃப்.டி.யை ஈடு வைக்க முடியாது, எனவே அதன் மேல் கார்டு வராது. கூட்டுப் பெயரில் போட்டதைப் பல வங்கிகள் ஏற்காது, தனிப் பெயரில் போடுங்கள். முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிக்கும் வசதியைத் தேர்வு செய்யுங்கள். இல்லாவிட்டால் முதிர்வு நாளில் கார்டையும் சேர்த்து முடக்க நேரிடும்.

கார்டு வந்தபின் வரம்பில் 30 சதவீதத்துக்குள் செலவைப் பிடியுங்கள். 24,000 வரம்பில் 7,200. ஒரு மாதம் கூடிவிட்டால் பில் போடும் நாளுக்கு முன்பே கொஞ்சம் கட்டிவிடலாம், அறிக்கைக்குப் போகும் நிலுவை குறையும். 2025 ஜனவரி முதல் வங்கிகள் இந்தத் தகவலை மாதம் ஒருமுறைக்குப் பதில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது அனுப்பியாக வேண்டும் என்பதால் மாற்றம் முன்பைவிடச் சீக்கிரம் தெரியும். ஆறு மாதம் முழுத் தொகையும் கட்டிவந்தால் ஸ்கோர் உருவாகியிருக்கும். பிறகு ஈடில்லாத கார்டுக்குக் கேட்கலாம்.

எஃப்.டி. இருக்கிறதே என்று கட்டாமல் விடுவது பெரிய தவறு. வங்கி எஃப்.டி.யில் எடுத்துக்கொள்ளும், தாமதமும் அறிக்கையில் பதிவாகும். மாதம் 3.5 சதவீத அளவில் ஓடும் வட்டி ஆண்டுக்கு 42 சதவீதம். எஃப்.டி. தரும் வட்டி அதன் பக்கத்தில் நிற்காது.

உண்மையிலேயே எனக்குக் கடன் வரலாறு இல்லை என்பதை எப்படி உறுதி செய்வது?

பலர் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், இருக்கும். வங்கியில் வைத்த நகைக்கடன் பதிவாகும். கல்விக் கடனில் மாணவரோடு கையெழுத்திட்ட அப்பாவின் பெயரிலும் அது நிற்கும். நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும், மகளிர் சுயஉதவிக் குழுக் கடனும்கூட வரும். ஓராண்டில் திருப்ப வேண்டிய நகைக்கடனை 'வட்டி கட்டி மாற்றி வைத்துக்கொள்ளலாம்' என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் அது தாமதமாகத் தெரியும். கார்டு மறுக்கப்பட்டதற்கு அதுவே காரணமாக இருந்திருக்கும்.

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஒன்றை மார்ச்சில், இன்னொன்றை ஜூனில் என்று பிரித்து எடுத்தால் காசு கட்டாமல் ஆண்டு முழுக்கக் கண்காணிக்கலாம். தவறு இருந்தால் அந்தத் தளத்திலேயே புகார் போடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

ஸ்கோர், சம்பளம், கணக்கு எல்லாம் சரி. ஆனாலும் விண்ணப்பம் நின்றுவிட்டது. ஏன்?

தமிழ்நாட்டு விண்ணப்பங்களில் அடிக்கடி தலைதூக்கும் காரணம் இனிஷியல். பேன் கார்டு விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். அதனால் கு.முருகன் அங்கே முருகன் குப்புசாமி ஆகிவிடுகிறார். ஆதாரில் முருகன் கு என்று இருக்கும். வங்கிக் கணக்கில் கு முருகன். சம்பளச் சீட்டில் வெறும் முருகன். மனிதருக்கு இது ஒரே ஆள், மென்பொருளுக்கு நான்கு பேர். சிபில் அறிக்கை சரியாகப் பொருந்தாமல் 'வரலாறு இல்லை' என்று வந்துவிடுவதும் உண்டு, பாதிக் கடன் ஒரு பெயரிலும் மீதி இன்னொரு பெயரிலும் பிரிந்து நிற்பதும் உண்டு.

புதுக் கணக்கு திறக்கும்போதே பேன் கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே பெயர் கொடுங்கள். பழைய கணக்கு என்றால் கிளையில் பெயர்த் திருத்தத்துக்கு எழுதிக் கொடுத்து, மாறியதும் புது வங்கி அறிக்கை எடுத்து, அதன்பின் விண்ணப்பியுங்கள்.

இன்னொரு காரணம் பின்கோடு. ஆதாரில் ஊர் முகவரி, வேலை சென்னையில். அந்த வங்கி உங்கள் ஊர்ப் பின்கோடுக்குக் கார்டு தராவிட்டால் விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும். வங்கிக் கணக்கில் தற்போதைய முகவரியை வாடகை ஒப்பந்தத்தோடு முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

'கணக்கு திறந்து ஒரு இன்சூரன்ஸும் போடுங்க, கார்டு நிச்சயம்' என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

வேண்டாம். கார்டு முடிவை ஏஜென்ட் எடுப்பதில்லை. அவருக்குக் கணக்குக்கு ஒரு இலக்கு, பாலிசிக்கு ஒரு கமிஷன். ஆண்டுக்கு 25,000 பிரீமியம் கட்டத் தொடங்கி, கார்டும் வராமல், இரண்டாம் ஆண்டு பாலிசியையும் விட்டால் நஷ்டம் முழுக்க உங்களுடையது. கேட்காமலே கார்டு அனுப்புவதற்கும் ரிசர்வ் வங்கி விதிகளில் தடை இருக்கிறது. கார்டு வழங்கிய நாளிலிருந்து 30 நாளுக்கு மேல் நீங்கள் செயல்படுத்தாவிட்டால், அவர்கள் ஓடிபி மூலம் சம்மதம் கேட்க வேண்டும், தராவிட்டால் செலவில்லாமல் மூட வேண்டும்.

'கார்டு ஒப்புதலாகிவிட்டது, கட்டணம் அனுப்புங்கள்' என்று அழைப்பு வந்தால் அது மோசடி. கார்டுக் கட்டணம் பில்லில்தான் வரும். பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள்.

ஜீரோ பேலன்ஸ் கணக்கு போதுமா, மினிமம் பேலன்ஸ் கணக்குதான் வேண்டுமா?

கார்டுக்காக மட்டும் பெரிய மினிமம் பேலன்ஸ் கணக்கை எடுப்பது பொதுவாக வீண். ஸ்டேட் பாங்க் 2020லேயே சாதாரணச் சேமிப்புக் கணக்கில் மினிமம் பேலன்ஸ் இல்லாததற்கான அபராதத்தை நீக்கிவிட்டது, கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025இல் நீக்கின. அதே 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி நகரங்களில் புதுக் கணக்குக்கு 50,000 என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 15,000ஆகக் குறைத்தது. இந்தத் தொகையை வட்டி குறைந்த சேமிப்பில் முடக்குவதைவிட அதையே எஃப்.டி.யாகப் போட்டு அதன் மேல் கார்டு வாங்குவது உறுதியான வழி.

ஜன்தன் போன்ற அடிப்படைச் சேமிப்புக் கணக்கு இருந்தால் அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைக்க முடியாது. சாதாரணச் சேமிப்புக் கணக்கு இருக்கும்போது அடிப்படைக் கணக்கைத் திறந்தால் பழையதை மூட வேண்டும்.

சொந்தத் தொழில் செய்கிறேன். எனக்கு?

இரண்டு ஆண்டு வருமான வரிக் கணக்கு முக்கியம், கணக்கு இருப்பு அதற்குப் பிறகுதான். ஆனால் வசூலைக் கையில் வாங்காமல் க்யூஆர் மூலம் ஒரே கணக்கில் விழும்படி செய்யுங்கள். கடை வரவும் வீட்டுச் செலவும் ஒரே கணக்கில் கலந்து கிடந்தால் நிகர வருமானம் எவ்வளவு என்று பார்ப்பவருக்குப் பிடிபடாது, குறைத்தே எடுத்துக்கொள்வார்.

மறுத்துவிட்டார்கள். உடனே இன்னொரு வங்கியில் கேட்கலாமா?

முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், முக்கியக் காரணத்தைத் தெரிவிப்பது வங்கியின் கடமை. ஒரே வாரத்தில் நான்கு வங்கியில் கேட்டால் நான்கு விசாரணைகளும் பதிவாகி, ஐந்தாவது வங்கிக்கு நீங்கள் பணத்துக்கு அலைபவராகத் தெரிவீர்கள். மூன்று முதல் ஆறு மாதம் இடைவெளி விடுங்கள். முதல்முறை கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்க வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பது உண்மைதான். ஆனால் வருமானம், வேலை என்று வேறு காரணம் சொல்ல வங்கிக்கு இடமிருக்கிறது.

என் கார்டில் மனைவிக்குக் கூடுதல் கார்டு வாங்கினால் அவருக்கு ஸ்கோர் உருவாகுமா?

உருவாகாது. அந்தச் செலவும் பாக்கியும் முதன்மைக் கார்டுதாரர் பெயரில்தான் பதிவாகும். அவர் பெயரில் தனியாகக் கணக்கும் எஃப்.டி.யும் அதன் மேல் ஒரு கார்டும்தான் வழி.

கார்டு வந்துவிட்டது. அதற்காகத் திறந்த கணக்கை மூடிவிடலாமா?

மூடலாம், கார்டு ரத்தாகாது. எஃப்.டி. கார்டு மட்டும் விதிவிலக்கு. மூடுவதற்கு முன் கார்டு பில்லுக்கான தானியங்கிப் பற்று அந்தக் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேறு கணக்குக்கு மாற்றி, ஒரு பில் அங்கிருந்து ஒழுங்காகப் போனபின் மூடுங்கள். இடையில் ஒரு பில் தவறிவிட்டால் பதறாமல், கடைசித் தேதி தாண்டிய 3 நாளுக்குள் கட்டிவிடுங்கள். அதற்குள் கட்டினால் தாமதக் கட்டணமும் கிடையாது, கடன் அறிக்கையில் தாமதம் என்றும் போட முடியாது. வட்டி மட்டும் உண்டு, அது செலவு செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். கணக்கை மூடாமல் அப்படியே போட்டுவைப்பதாக இருந்தால், கணக்கு எந்த வகை, மினிமம் பேலன்ஸ் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளக் கணக்கில் சில மாதம் சம்பளம் வராவிட்டால் அது சாதாரணக் கணக்காக மாறி, அபராதம் பிடிக்கத் தொடங்கிவிடும்.